உரைக்காத தாலி

"நாணயமான கடை" என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். பதினெட்டு வருஷம் அந்தச் சொல்லை நானே கூவி விற்றிருக்கிறேன். திருச்சி பெரிய கடைவீதியில் சுபவல்லி நகை மாளிகையில் நான் விற்பனையாள். பெயர் சவரிராயன், வீடு பாலக்கரை. வருகிறவர்களை உட்காரவைத்து, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி, கலர் சோடா வரவழைத்துக் கொடுத்து, பிள்ளைகுட்டிகளை விசாரித்து, பிறகு நகை காட்டுவது என் வேலை. சிரித்துச் சிரித்தே என் கன்னத்தில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. சவரம் செய்யும்போது அந்தக் கோடுகளைக் கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அறையத் தோன்றும்.

முதலாளி பெயர் வைகுந்தம். அவரைப் பற்றி அப்போது கடைவீதியில் ஒரு கெட்ட சொல் கேட்க முடியாது. ஒருமுறை லால்குடிக்காரர் ஒருவருக்கு விற்ற சங்கிலியில் பற்றவைப்பு கூடித் தங்கத்தின் தரம் குறைந்துவிட்டது என்று அவரே கண்டுபிடித்து, பஸ் ஏறிப் போய், வீட்டுக் கதவைத் தட்டி மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் கதை பத்து வருஷம் ஊரில் ஓடியது. அவர் ஒரு பைசா செலவழித்து விளம்பரம் போட்டதில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை.

எந்த நகையையும் வாங்குகிறவர் கண்ணெதிரே உரைத்துக் காட்டுவது எங்கள் வழக்கம். உரைகல்லில் நகையை அழுத்தி ஒரு கோடு இழுப்போம். கோட்டின்மேல் ஒரு சொட்டு திராவகம் விடுவோம். நல்ல தங்கமானால் கோடு அப்படியே நிற்கும். செம்பு அதிகமாகக் கலந்திருந்தால் கோடு கரைந்து காணாமல் போய்விடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். "நீங்களே பாருங்க" என்று கல்லை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

தாலி ஒன்றைத்தான் உரைக்க மாட்டோம். தாலியை உரைத்தால் கட்டுகிறவன் ஆயுள் தேயும் என்பது சனங்களின் நம்பிக்கை. எங்கள் கிறிஸ்தவ ஆட்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சிலுவை போட்ட தாலிதான், பாதிரியார் மந்திரித்துக் கொடுப்பதுதான், ஆனாலும் உரைகல்லைப் பார்த்தால் நாங்களும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்குவோம்.

தாலிகளுக்கென்று முதலாளி தனியாக ஒரு வெள்ளிப் பெட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பட்டுத்துணியில் சுற்றி ஸ்ரீரங்கம் கொண்டுபோய், தாயார் சந்நிதியில் வைத்து எடுத்து வருவார். தாயார் பார்த்த தாலி என்று முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் தாலியை வெள்ளித் தட்டில் வைத்து, மஞ்சள், குங்குமம், வெற்றிலைபாக்கோடு நீட்டுவேன். வாங்குகிறவர்கள் கண் கலங்குவார்கள். என் கண்ணும் சில நாள் கலங்கியிருக்கிறது. அதை நினைத்தால்தான் ரொம்பக் கூசுகிறது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முந்தின வருஷம், ஆவணி மாதம், முசிறியிலிருந்து மாரியாயி வந்தாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை. கூடவே கொழுந்தன் பிச்சைமுத்து. மாரியாயியின் புருஷன் மருதை, வாழை போடுகிற குடியானவன், ஆடியில் இறந்துபோயிருந்தான். அவர்களுடைய தாலி நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் என் கையால் விற்றது. என் முதல் தாலி வியாபாரம் என்பதால் மருதையின் முகம் எனக்கு நினைவிருந்தது.

மாரியாயி மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள்.

"உங்க கடையில வாங்குனதுங்க. எம் மக ரெங்கம்மாளுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு. அப்பன் செத்த வருசம் திரும்பறதுக்குள்ள முடிச்சிரணும்ல. இத அழிச்சு அதுக்கு ஒரு ஜோடி தோடு பண்ணித் தாங்க. அவங்க அப்பாவே போட்டு அனுப்புன மாதிரி இருக்கும்."

பதினேழு வருஷத்து மஞ்சள் அதில் அப்பியிருந்தது. நான் துணியால் துடைத்தேன். பின்பக்கம் எங்கள் கடை முத்திரை, 'சு' என்ற எழுத்து, தெளிவாகத் தெரிந்தது. முதலாளியிடம் கொடுத்தேன்.

"இனிமே உரைக்கலாம், தாயி. தோஷமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கோடு இழுத்தார். கோடு செக்கச் சிவந்து கிடந்தது. திராவகம் விட்டார். இரண்டு மூச்சு விடும் நேரம். கல் கறுப்பாக, வெறுமையாக இருந்தது.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு துளி ஆச்சரியம் இல்லை. தாலியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்து முத்திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். அப்புறம் துக்கம் விசாரிக்கிற முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"தாயி, இது எங்க தாலி இல்லையே."

மாரியாயிக்குப் புரியவில்லை. "உங்க தாலிதாங்க. கழுத்த விட்டு எறங்குனதே இல்லீங்க."

"ஒரு தடவகூட இறங்கலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். நேர்மையானவர்கள் செய்கிற தப்பு இது, கேட்டால் யோசித்துப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவது. "ரெங்கம்மா பொறந்தப்ப முசிறி ஆஸ்பத்திரியில நர்சம்மா கழட்டச் சொல்லிட்டாங்க. அவருதான் ரெண்டு நாளு மடியில வெச்சிருந்து, அப்புறம் கட்டிவிட்டாரு."

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டு நாள்" என்றார். அந்த இரண்டு வார்த்தையை அவள் தலையில் இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

"எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க" என்றான் பிச்சைமுத்து. சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. சுபவல்லி கடை முதலாளியே சொல்லும்போது வாழைக்காரன் ஒருவன் எந்த மூலைக்கு.

"நான் யாரையும் குத்தம் சொல்லலப்பா. செத்தவரப் பத்தி நாம பேசலாமா? பிள்ள பொறந்த நேரம், கையில காசு இருந்திருக்காது, மாத்தி வெச்சிருப்பாரு. ஆம்பளைக்கு ஆயிரம் கஷ்டம். நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன்." கல்லாப்பெட்டியைத் திறந்து இருபது ரூபாயை எடுத்து வெற்றிலையில் வைத்து நீட்டினார். "இது செம்புதான். ஆனா எங்க வாசல் தேடி வந்துட்டீங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

மாரியாயி பணத்தைத் தொடவில்லை. பிச்சைமுத்துதான் வாங்கிக்கொண்டு கும்பிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் விற்றவன் அல்லவா, ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்திருப்பாள். என் வாயில் கொழுக்கட்டை. அந்த முத்திரையை இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் என் கண்ணால் பார்த்தவன், தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் படியிறங்கிப் போனபின் முதலாளி தாலியை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தாலியில் ஆசாரி செய்த தப்பாக இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை கடையிலிருந்து ஓர் உரைகல்லும் திராவகக் குப்பியும் எடுத்து வந்திருந்தேன். மறுநாள் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மனைவி லூர்துராணியிடம் விஷயத்தைச் சொல்லி, அவள் தாலியைக் கேட்டேன். அதுவும் எங்கள் கடையில் வாங்கியதுதான். என் கல்யாணத்துக்கு முதலாளியே தட்டில் வைத்துக் கொடுத்தது.

"பாதர் மந்திரிச்ச தாலிங்க. கழட்ட மாட்டேன்" என்றாள்.

"கழட்ட வேண்டாம். இப்படி உட்காரு."

தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தாலி கழுத்தில் இருக்கிறபடியே அவள் முன்னால் குனிந்தாள். நான் கல்லை அவள் மார்புக்கு அருகே பிடித்துக்கொண்டு கோடு இழுத்தேன். அவளுடைய மூச்சு என் நெற்றியில் பட்டது. திராவகம் விட்டேன். கோடு போய்விட்டது. மறுபடி அழுத்தி இழுத்தேன். அதுவும் போய்விட்டது.

லூர்துராணி கல்லை வாங்கிப் பார்த்தாள். "பதினோரு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சப் பூசிட்டு வரேன்" என்றாள். "எதுக்குப் பூசினேன்? அந்த ஆளோட செம்பு வெளிய தெரியாம இருக்கவா?"

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கழுத்தில் ஏறும்போது உரைக்க மாட்டார்கள். ஏறினபின் மஞ்சள் மூடிக்கொள்ளும். இறங்குகிற நாளில் எந்தப் பெண்ணுக்கும் தங்கத்தைப் பற்றி நினைப்பு இருக்காது. சங்கிலியில், வளையலில், தோட்டில் ஒரு குன்றிமணி எடைகூடக் கைவைக்காமல் பேர் வாங்குவது, வாங்கின பேரை வைத்துத் தாலியில் தின்பது. தாயார் சந்நிதிக்குக் கொண்டுபோனதும் இதற்குத்தான். கோயில் வாசலில் செருப்புத் திருடுகிறவன்கூட இத்தனை பக்தியாகத் திருடுவதில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உட்காரு, சவரி" என்றார். "மத்த நகையில நான் கை வெச்சு நீ பார்த்திருக்கியா? இல்லல்ல. தாலிக்கு எதுக்குப்பா தங்கம்? வெறும் மஞ்சத் துண்டக் கட்டினாலும் அது தாலிதான்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அதுல இருக்கறது மாங்கல்ய பலம். அதத்தான் நான் வாராவாரம் ஸ்ரீரங்கம் போய் வாங்கிட்டு வரேனே. யாருக்கு என்ன குறஞ்சுபோச்சு?"

"மருதை மேல பழி விழுந்துச்சே, முதலாளி."

"அவன்தான் செத்துட்டானேப்பா."

காப்பி வந்தது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் அதைக் குடித்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொல்லலாம், ஆனால் குடித்தேன். ஒரு மாதம் அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

என்னைக் கிளப்பியது லூர்துராணிதான். ஒருநாள் தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஜெபமாலைச் சிலுவையை மஞ்சள் கயிற்றில் கோத்து மாட்டிக்கொண்டாள். "நீங்க முசிறிக்குப் போயிட்டு வந்தா அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். அதுவரை சோறு போட்டாள், பேசவில்லை.

புரட்டாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் முசிறி போனேன். மாரியாயி வீட்டு முற்றத்தில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரையை அன்றைக்கே பார்த்ததையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அன்னிக்கேவா பார்த்தீங்க?"

"ஆமாம்மா."

"அமாவாசைக்கு எல்லா வீட்டுலயும் படையல் போட்டாங்க. நான் போடல" என்றாள். "எங்கிட்டயே திருடுன மனுசனுக்கு எதுக்குன்னு போடல. ரெங்கம்மா அழுதுச்சு. அத அடிச்சேன்."

பிச்சைமுத்து ஊரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பொண்டாட்டி தாலியை விற்றுத் தின்றவன் மகள் என்று சம்பந்தி வீட்டார் ரெங்கம்மாளை வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மாரியாயி இதையெல்லாம் அழாமல் சொன்னாள். நான் திரும்பத் திரும்ப மன்னிக்கச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சுது, சரி. எங்கிட்ட வந்து சொல்லி என்னங்க ஆவும்? அந்தக் கடையில வெச்சு, நாலு பேரு முன்னாடி சொல்லுங்க. எங் கொழுந்தன் கேக்கணும். அவன் வாயாலதான் இது பரவுச்சு, அவன் வாயாலதான் மாறணும்."

ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வியாழக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்காக எடுத்த தாலி வெள்ளித் தட்டில் இருந்தது. அந்த நேரம் மாரியாயியும் பிச்சைமுத்தும் படியேறி வந்தார்கள்.

வெள்ளைச் சேலையைக் கண்டதும் அந்த அம்மாள் முகம் சுருங்கியது. "தாலி வாங்குற நேரத்துல யாருங்க இது" என்றாள் மெதுவாக. முதலாளி எழுந்தார். "தாயி, நாளைக்கு வாங்க. நல்ல காரியம் நடக்குது" என்றார் தேன் ஒழுக.

"நான் பொருள் வாங்க வரலீங்க. எங்க வீட்டுக்காரரு திருடன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போயிடறேன்."

முதலாளி என்னைப் பார்த்துக் கையை அசைத்தார், வெளியே கொண்டுபோய் விடு என்று. நான் மேசைக்கு வெளியே வரவில்லை. வாய் திறந்தேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அந்தத் தாலி நம்ம தாலி. நம்ம முத்திரை அதுல இருந்துச்சு, நான் பார்த்தேன். மருதை அதை மாத்தல. இந்தக் கடையில விக்கிற தாலி எல்லாமே அப்படித்தான்."

முதலாளி வந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "ரெண்டு மாசமா இவனுக்குப் புத்தி சரியில்ல. கட்டிக் காப்பாத்திட்டு வரேன்." அவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியைப் பார்க்கவேண்டும். அவரை நம்புவது அவர்களுக்கு அத்தனை சுகமாக இருந்தது.

நான் தட்டிலிருந்த தாலியை எடுத்தேன். யாரோ "ஐயோ" என்றார்கள். உரைகல்லில் அழுத்தி, மேலே பூசிய தங்க மெருகு போகும்வரை தேய்த்து, நீளமாக ஒரு கோடு இழுத்தேன். பக்கத்திலேயே விற்பனைக்கு இருந்த ஒரு வளையலால் இன்னொரு கோடு. இரண்டின்மேலும் திராவகம் விட்டுக் கல்லை மேசை நடுவில் வைத்தேன். வளையல் போட்ட கோடு மஞ்சளாக நின்றது. தாலி போட்ட கோடு எல்லோரும் பார்க்கப் பார்க்கக் கரைந்து போனது.

பிச்சைமுத்து குனிந்து கல்லைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் உதடு கோணியது. "அண்ணி" என்றான். மாரியாயி அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த மண்ணச்சநல்லூர் அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்களும் கண்ணால பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்" என்றாள் அந்த அம்மாள். முந்தானையை இழுத்துத் தன் கழுத்தை மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையில் எத்தனை வெறுப்பு. தாலியில் செம்பு கலந்தவன்மேல் அதில் கால்வாசிகூட இல்லை. அவள் முதலாளியிடம் திரும்பினாள்.

"அபசகுனமாப் போச்சுங்க. இது எங்களுக்கு வேண்டாம். உரைக்காததா வேற ஒண்ணு எடுத்துக் குடுங்க."

கூட வந்த ஆண்கள் ஆமாம், ஆமாம் என்றார்கள். முதலாளி வெள்ளிப் பெட்டியைத் திறந்தார்.

"அண்ணி, நான் ஊருல போய் எல்லார்கிட்டயும் சொல்றேன். சம்பந்தி வீட்டுலயும் சொல்றேன்" என்றான் பிச்சைமுத்து, அழுதுகொண்டே.

மாரியாயி அவனைப் பார்த்தாள். "கண்ணால பார்த்தவங்களே அந்தப் பெட்டியத்தான் கேக்குறாங்க. பார்க்காத ஊருல போய் நீ என்னத்தச் சொல்லுவ?"

சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். முதலாளி புதிதாக ஒரு தாலியை எடுத்துத் தட்டில் வைத்து, குங்குமம் இட்டு நீட்டினார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.